விடு, மிதி

விழுந்ததைப் பற்றிச் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. குளியலறைத் தரையில் சோப்புத் தண்ணீர் இருந்தது, மாஸ்டர் வழுக்கினார், வாஷ்பேசின் விளிம்பு நெற்றியில் இடித்தது. அவரே எழுந்து, தரையைத் துடைத்துவிட்டு வெளியே வந்து, "தலையில என்னவோ ஈரமா இருக்கு, பாரு" என்று மனைவியிடம் சொன்னார். ஈரம் சிவப்பாக இருந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி, தையல், ஸ்கேன். மூளையின் முன்பக்கம் லேசாகக் கன்றியிருக்கிறது, தானாக ஆறிவிடும் என்றார்கள். ஆறித்தான் வீட்டுக்கு வந்தார்.

பார்க்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தலைக்கட்டோடு கண்ணை மூடிக் கிடப்பார் என்று நினைத்து வந்தால், மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆளை அடையாளம் தெரிந்தது, தேதி தெரிந்தது, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது வரைக்கும் தெரிந்தது. பழம் வாங்கி வந்தவர்கள் பழத்தை வைத்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கார்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு படி இறங்கினார்கள்.

ஒரு 'ங்க' மட்டும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை டாக்டர், நர்ஸ், ஸ்கேன் எடுத்தவர், தள்ளுவண்டி தள்ளியவர் என்று எல்லோரிடமும் அவர் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார். அது இயல்புதான். வீட்டுக்குள் நுழைந்ததும், கதவைத் திறந்த மகளைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா, காலேஜ் போகலையா நீங்க?" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவியிடம், "கொஞ்சம் தண்ணி கொண்டு வர்றீங்களா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து "இந்தா", "ஏய்", "எங்க போய்ட்ட" என்று மட்டுமே கேட்டுப் பழகிய மனைவி, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். மாடிப்படியில் படுத்திருக்கும் பூனையைக்கூட, "கொஞ்சம் நகர்றீங்களா?" என்றார்.

மச்சான் வந்தபோது அவனுக்கும் அதேதான். மனைவியின் தம்பி அவன், மாஸ்டர் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலின் முதலாளி. முதலாளி என்றாலும் அவனை மாஸ்டர் எப்போதும் 'டா' போட்டுத்தான் பேசுவார். அன்றைக்கு "வாங்க மச்சான், உக்காருங்க" என்றதும் அவன் திரும்பி, பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தான்.

"மாமா, அடி உங்க தலையில பட்டுச்சா, மரியாதையில பட்டுச்சா?" என்றான். "இப்படியே விட்டுடலாம்க்கா. எத்தனை வருஷமா ஏங்கிக் கிடந்தேன்."

"உனக்கென்ன, ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போயிடுவ. எனக்கு வீட்ல யாரோ விருந்தாளி இருக்கற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் அது என்று அவருக்குத் தெரிந்தது.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. ஒரு காலையில் எவனோ வாசலை மறித்து வேனை நிறுத்தியிருந்தான். மாஸ்டர் இறங்கிப் போய், "எடுடா வண்டிய, வாசல்ல நிறுத்துவியா நீ" என்று சத்தம் போட்டார். வேன் போய்விட்டது. திரும்பி வரும்போது மேல்வீட்டுப் பெரியவர், வீட்டுச் சொந்தக்காரர், தடியை ஊன்றிக்கொண்டு படி இறங்கி வந்தார். "இப்ப உடம்பு எப்படி இருக்குங்க?" என்று கேட்டார். "எனக்கென்னடா, நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்க?" என்றார் மாஸ்டர்.

பெரியவர் படியிலேயே நின்றுவிட்டார். மாஸ்டருக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. தப்பு என்று தெரிந்தது. அடுத்த வார்த்தையை மாற்றிப் போட வேண்டும் என்றும் தெரிந்தது. மழைக்காலத்து மண்சாலையில் லாரிச் சக்கரம் பதிந்த பள்ளத்தில் சின்ன வண்டியின் டயர் இறங்கிவிட்டால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி பள்ளத்தோடேயே போகும். அப்படி இருந்தது வாய். "என்னடா பாக்கற, பார்த்து இறங்கு" என்றார், பெரியவர் விழுந்துவிடக் கூடாதே என்று உண்மையாகவே நினைத்து.

மனைவி மேலே போய் என்னென்னவோ சொல்லிச் சமாதானம் செய்துவிட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. "ஒரு பெரிய மனுஷனை அப்படிப் பேசலாமா? எனக்குத் தலைய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல."

மாஸ்டர் தனக்கு வெட்கம் வருகிறதா என்று பார்த்தார். முன்பெல்லாம் சின்ன விஷயத்துக்கே காது மடல் சூடாகிவிடும் அவருக்கு. இப்போது காது சாதாரணமாக இருந்தது. பக்கத்துத் தெருவில் யாரோ யாரையோ மரியாதையில்லாமல் பேசிவிட்டார்களாம் என்று பேப்பரில் படித்ததுபோல் இருந்தது.

சர்க்கரை டப்பா விவகாரமும் அந்தச் சமயத்தில்தான். எறும்பு ஏறுகிறது என்று மனைவி டப்பாவைக் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு மாற்றினாள். மாஸ்டர் ஒவ்வொரு முறையும் கீழ்த்தட்டைத்தான் திறந்தார். மறதி என்று முதலில் நினைத்தார்கள். மகள் ஒருநாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, சக்கர டப்பா எங்க இருக்கு?"

"மேல் தட்டுல."

"நல்லா தெரியுமா?"

"தெரியும். எறும்பு வருதுன்னு அம்மா மேல வெச்சாங்க."

"சரி, எடுங்க."

மாஸ்டர் கீழ்த்தட்டைத் திறந்தார்.

மகள் சிரிக்கவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவிதான் பேசினாள். "வேணும்னே பண்றீங்களா? இது என்ன பிடிவாதம்? ஒரு டப்பாவை மாத்தி வெக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா?"

"இல்லம்மா, மேல இருக்குன்னுதான் சொன்னேன்" என்றார், காலித் தட்டைப் பார்த்துக்கொண்டே.

மாஸ்டரைப் பிடிவாதக்காரர் என்று அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. இளவயதில் லாரியில் கிளீனராக இருந்தார். பிறகு ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டினார். மச்சான் கடன் வாங்கி டிரைவிங் ஸ்கூல் திறந்தபோது, வண்டி ஓட்டத் தெரிந்தவன் ஒருத்தன் சொந்தத்திலேயே இருக்கிறானே என்று இவரைக் கூப்பிட்டுக்கொண்டான். வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது, தனக்குக் கைவந்தது வண்டி இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் என்று.

காலையில் முதல் ஆளாக பாங்க் மேனேஜர் ஒருவர் வருவார், அவருக்கு, "சார், இப்ப கிளட்ச்சை மிதிச்சீங்கன்னா நல்லா இருக்கும்." அவர் இறங்கியதும் கறிக்கடைக்காரர் மகன் ஏறுவான், அவனுக்கு, "டேய், இது உங்கப்பன் கத்தி இல்ல, ஸ்டியரிங். மெதுவா புடி." அடுத்தது, புருஷனுக்குத் தெரியாமல் கற்றுக்கொள்ள வரும் ஒரு பெண், கை நடுங்கும். அவளிடம் வண்டியைப் பற்றியே பேசமாட்டார். குழந்தை என்ன படிக்கிறது, வீட்டுக்காரர் குறட்டை விடுவாரா என்று கேட்டுக்கொண்டே இருப்பார், அவள் பதில் சொல்லிக்கொண்டே மூன்றாவது கியருக்கு வந்திருப்பாள். ரொம்பத் தெரிந்ததுபோல் வருபவனிடம் வாயே திறக்க மாட்டார். அந்த மௌனத்திலேயே அவன் பாதி வேகம் குறைத்துவிடுவான். ஆளுக்கொரு பேச்சு, ஆளுக்கொரு குரல். ஒரே வாக்கியத்துக்குள் 'சார்' என்று தொடங்கி, எதிரே குறுக்கே வருகிறவனுக்கு ஒரு 'டேய்' கொடுத்துவிட்டு, திரும்ப 'சார்' என்று முடிப்பார். அப்படி மாறுவது ஒரு வேலை என்றே அவருக்குத் தோன்றியதில்லை. மூச்சுவிடுகிறவன் மூச்சை வேலை என்று நினைப்பானா?

இப்போது அந்த வண்டிக்கு ஆள் இல்லை. மச்சானே சொல்லிக்கொடுத்துப் பார்த்தான். அவன் கத்துவான். கத்தினால் கற்றுக்கொள்ள வந்தவர்கள் அழுவார்கள், இல்லையென்றால் வேறு ஸ்கூலுக்குப் போவார்கள். "எப்ப மாமா வர்றீங்க?" என்று வாரத்துக்கு ஒருமுறை வந்து கேட்டான். மாஸ்டர் ஒவ்வொரு முறையும், "நாளைக்கே வரேன்" என்றார். வெறும் பேச்சுக்கு இல்லை. விழுந்ததற்குப் பிறகு அவருக்குள் ஆசை என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், டிவி போட்டால் பார்த்தார். வண்டிக்குப் போகவேண்டும் என்பது மட்டும் யாரும் போடாமலேயே உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

மனைவிதான் குறுக்கே நின்றாள். "தலைக்குள்ள என்னன்னு ஒருதரம் முழுசா பாத்துடலாம். அப்புறம் போங்க."

இரண்டாவது ஆஸ்பத்திரியில் பார்த்தது ஓர் இளம் டாக்டரம்மா. ஊசி இல்லை, மிஷின் இல்லை. ஒரு மேஜை, இரண்டு பக்கமும் நாற்காலி, சீட்டுக்கட்டு மாதிரி ஒரு கட்டு. சீட்டுகளில் வட்டம், நட்சத்திரம், முக்கோணம் என்று பல நிறங்களில் வரைந்திருந்தது. "நான் மூணு சீட்டு வெச்சிருக்கேன். உங்க கையில இருக்கறதை இதுல எதோட சேரும்னு நினைக்கறீங்களோ அதோட சேருங்க. எப்படிச் சேர்க்கணும்னு நான் சொல்ல மாட்டேன். சரின்னா சரின்னு சொல்வேன், தப்புன்னா தப்புன்னு சொல்வேன்" என்றாள்.

மாஸ்டர் நிறம் பார்த்து அடுக்கினார். சரி, சரி, சரி. அவருக்கு இது பிடித்திருந்தது. மனைவி பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பரீட்சைக்கு வந்த பிள்ளையின் அம்மா மாதிரி.

"தப்பு" என்றாள் டாக்டரம்மா.

நிறம் சரியாகத்தான் இருந்தது. ஓ, விதியை மாற்றிவிட்டாள். இப்போது உருவம் பார்த்து அடுக்க வேண்டும் போல. புரிந்துவிட்டது. அடுத்த சீட்டு பச்சை நட்சத்திரம். பச்சைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தப்பு."

"நட்சத்திரத்துகிட்ட வெக்கணும்" என்றார் மாஸ்டர்.

"ஆமா."

அடுத்த சீட்டு சிவப்பு வட்டம். சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தார். தப்பு. மறுபடி. தப்பு. டாக்டரம்மாவின் குரல் கூடவோ குறையவோ இல்லை. மாஸ்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்ள வந்த யாரோ ஒருவரின் கை மாதிரி இருந்தது.

பிறகு ஒரு பேச்சு விளையாட்டு. ஒரு மிருகம், ஒரு பாத்திரம், ஒரு மிருகம், ஒரு பாத்திரம் என்று மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். "நாய், சட்டி, பூனை" என்று தொடங்கினார். "எலி, புலி, யானை, குதிரை, ஒட்டகம்" என்று போய்க்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்லும்வரை போனார்.

டாக்டரம்மா சீட்டுகளை அடுக்கி ரப்பர்பாண்ட் போட்டாள். "ஞாபகசக்தி நல்லா இருக்கு. புரிஞ்சுக்கறது நல்லா இருக்கு. விதி மாறினதை உடனே கண்டுபிடிச்சீங்க, வாயால சொல்லவும் சொன்னீங்க. ஒண்ணுலேருந்து கையை எடுத்து இன்னொண்ணுல வெக்கறது இருக்கில்ல, அங்கதான் சிக்கிக்குது. மூளையோட முன்பக்கத்துக்குன்னு சில வேலைங்க இருக்கு. என்ன செய்யணும்னு திட்டம் போடறது, செய்யக்கூடாததை அடக்கறது, நிலைமை மாறினா கூடவே மாறறது. அந்த மாறறதைத்தான் நெகிழ்வுன்னு சொல்றோம். அடி அதுல பட்டிருக்கு."

"அப்ப அது பிடிவாதம் இல்லையா?" என்றாள் மனைவி.

"இல்லம்மா. பிடிவாதக்காரங்களுக்கு மாற இஷ்டம் இருக்காது. இவருக்கு இஷ்டம் இருக்கு, வழிதான் இல்ல."

மனைவி கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மூடினாள். "சரியாயிடுமா?"

"கொஞ்சம் ஆகும். பழக்கப்படுத்தினா இன்னும் கொஞ்சம் ஆகலாம். பழையபடி ஆகும்னு என்னால சொல்ல முடியல." மாஸ்டரிடம் திரும்பினாள். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"டிரைவிங் சொல்லிக்கொடுக்கறேங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டாள். "பழகின ரோட்டுல நீங்க நல்லாவே ஓட்டுவீங்க. யாருக்கும் வித்தியாசமே தெரியாது. அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "வண்டிக்குப் போகக்கூடாதுன்னு இந்தச் சீட்டை மட்டும் வெச்சு நான் சொல்லிட முடியாது. ஆனா யாராவது கூட இருந்து, தெரிஞ்சவங்களா, முதல்ல பாருங்க. வெளி ஆளை உக்கார வெச்சுடாதீங்க."

பஸ்ஸில் திரும்பும்போது மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வெளியே பார்த்துக்கொண்டே, "இத்தனை நாளா நான் பிடிவாதம்னு நினைச்சுத் திட்டிட்டேன்" என்றாள்.

"நானும் அப்படித்தாங்க நினைச்சேன்" என்றார் மாஸ்டர்.

மச்சானுக்குக் கோபம் வந்தது. மாமா மேல் இல்லை, சீட்டுக்கட்டின் மேல். "சீட்டு விளையாட்டுல தோத்துட்டா வண்டி ஓட்டத் தெரியாதுன்னு அர்த்தமா? நான் ரம்மியில தோக்காத நாளே இல்ல. என்னை எவனாவது ஓட்டாதன்னு சொன்னானா?"

"உன்னை எல்லாருமே சொல்லிட்டுத்தான் இருக்காங்க. நீதான் கேக்கல" என்றாள் அக்கா.

"அக்கா, மாமா கை ஸ்டியரிங்ல இருக்கப்போறதில்ல. பக்கத்துல உக்காரப் போறார். அந்தப் பக்கமும் பிரேக் இருக்கு. வாயும் காலும் வேலை செஞ்சா போதும்."

"வாயும் காலும்தானே பாக்கணும்? நான் உக்காந்து பாக்கறேன்."

"நீ எங்க உக்காரப்போற?"

"ஓட்டற சீட்ல."

மச்சான் அவளையே பார்த்தான். "உனக்கு சைக்கிளே ஏறத் தெரியாது."

"தெரியாதவதான வேணும் உங்களுக்கு? தெரிஞ்சவளுக்கு மாஸ்டர் எதுக்கு?" என்றவள், புருஷன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள்கூட என்னை வான்னு கூப்பிடல. இப்பவாவது கத்துக்கறேன். ஏதாவது ஆச்சுன்னா எனக்கு ஆகட்டும். யார் வீட்டுப் பிள்ளைக்கோ ஆகி, அதுக்கப்புறம் இவர் முகத்தை நான் எப்படிப் பாக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் கிளம்பினார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கிடங்கு இருந்தது. அதன் பின்னால் சிமெண்ட் போட்ட பெரிய காலி இடம். ஒரு ஓரத்தில் வேலைக்காகாத டயர்களை ஆளுயரத்துக்கு அடுக்கிவைத்திருந்தார்கள். கேட்டில் காவலாளி இருந்தார். மாஸ்டர் இறங்கிப் போய், "ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்துக்கறோங்க, திறந்து விடறீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு எல்லோருக்கும் 'ங்க' என்று அதோடு முடிவாகிவிட்டது.

மனைவி ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். "அதை வெளிய போடுங்க, பெடலுக்கு அடியில போயிடும்" என்றார் மாஸ்டர். பின்னால் உட்கார்ந்திருந்த மச்சான் செருப்பை வாங்கிக்கொண்டான். "முதலாளிக்கு வந்த வேலையைப் பாத்தியா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"கிளட்ச்சை முழுசா மிதிங்க. கியரைப் போடுங்க. இப்ப விடுங்க. மெதுவா விடுங்க."

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. பின் இருக்கையிலிருந்த மச்சான் முன் சீட்டில் மோதிக்கொண்டான்.

"பரவாயில்ல. எல்லாருக்கும் முதல்ல இப்படித்தான். மறுபடி மிதிங்க. விடுங்க. விடுங்க, மெதுவா, இன்னும் மெதுவா விடுங்க."

மறுபடி அணைந்தது. மறுபடி. மாஸ்டரின் குரலில் ஒரு சலிப்பும் இல்லை. இத்தனை வருஷம் இந்தப் பக்கத்து இருக்கையில் எத்தனையோ பேருக்கு எப்படிச் சொன்னாரோ அப்படியே சொன்னார். கடைசியில் வண்டி அணையாமல் நகர்ந்தது. நடக்கிற ஆளுக்குச் சமமாகப் போனது. மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு விடுங்க" என்றார் மாஸ்டர்.

அவள் விட்டாள். சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

"பாத்தியாக்கா?" என்றான் மச்சான், அவள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு. "சீட்டுக்கட்டாம் சீட்டுக்கட்டு. மாமா மாமாதான். நாளைக்கே வந்துடுங்க மாமா."

மாஸ்டருக்கும் அப்படித்தான் தோன்றியது. நாளைக்கே வந்துவிடலாம். வண்டி ஒரு சுற்றுச் சுற்றியது, நின்றது, மறுபடி கிளம்பியது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அவர், "விடுங்க, மெதுவா விடுங்க" என்றார். அவள் காலை மெல்லத் தூக்கினாள், வண்டி நகர்ந்தது. அவருடைய பக்கத்துப் பிரேக்கின் மேல் அவர் கால் படாமல் தூக்கியபடியே இருந்தது. கற்றுக்கொள்கிறவர் வண்டியைத் தானே நகர்த்தும்போது காலை அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டால் அவர்களுக்கு வண்டியின் கனம் பிடிபடாது.

டயர் அடுக்குக்கு இந்தப் பக்கம் வண்டி மறுபடி அணைந்தது. அவள் கிளட்ச்சை மிதித்து, சாவியைத் திருப்பி, கியர் போட்டாள். "விடுங்க" என்றார் மாஸ்டர். வண்டி நகர ஆரம்பித்தது. டயர் நிழலில் படுத்திருந்த ஒரு நாய் எழுந்து, சோம்பல் முறித்து, வண்டிக்கு முன்னால் குறுக்கே நடந்தது. நாய்க்கு அவசரம் எதுவுமில்லை. வெயிலில் பாதியில் நின்று காதைச் சொறிந்தது.

மனைவியின் கைகள் ஸ்டியரிங்கில் உறைந்துவிட்டன. "நாய்" என்றாள்.

மாஸ்டர் நாயைப் பார்த்துவிட்டார். அது எழுந்தபோதே பார்த்துவிட்டார். இப்போது 'மிதி' என்று சொல்ல வேண்டும். கிளட்ச், பிரேக் இரண்டையும் மிதி. சொல்லாவிட்டாலும் தன் கால் கீழே போக வேண்டும். எல்லாம் அவருக்குத் தெரிந்தது, பாடம் எடுப்பவன் கரும்பலகையில் எழுதிவைத்ததுபோல் வரிசையாகத் தெரிந்தது.

"விடுங்க" என்றார். "விடுங்க, விடுங்க, மெதுவா விடுங்க."

அவள் விட்டாள்.

கால் தூக்கியபடியே இருந்தது. மச்சான் பின்னாலிருந்து, "மாமா, பிரேக்கு" என்று கத்தினான். வண்டி நாயை நோக்கிப் போனது. கடைசி நொடியில் அவள் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக இழுத்தாள். நாய் ஒரு துள்ளு துள்ளி ஓடியது. வண்டி டயர் அடுக்கில் போய் மோதி, அமுங்கி, அணைந்தது. மேலே இருந்த ஒரு டயர் உருண்டு பானெட்டில் விழுந்து, தரைக்கு இறங்கி, கொஞ்ச தூரம் தனியாக ஓடிச் சாய்ந்தது.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. காவலாளி கேட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நீங்க விடச் சொன்னீங்க" என்றாள் மனைவி. "நான் விட்டேன்."

"ஆமா."

"மிதிக்கணும்னு எனக்கே தோணுச்சு. ஆனா நீங்க சொன்னீங்க. மாஸ்டர் சொல்றதைத்தான கேக்கணும்?"

"ஆமா. கேக்கணும்." கொஞ்சம் கழித்து மாஸ்டர் சொன்னார்: "எனக்கும் தெரிஞ்சுது. நாய் எந்திரிக்கும்போதே தெரிஞ்சுது."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. கண் கலங்கியிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. மாஸ்டர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது வருத்தப்பட வேண்டிய இடம். வருத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. முன்கண்ணாடி வழியாக, சாய்ந்து கிடந்த டயர்தான் தெரிந்தது.

மச்சான் முன்பக்கம் குனிந்தான். "மாமா, இது ஒண்ணுமே இல்ல. டயர்தான? பம்பர்ல ஒரு கீறல். முதநாள்தான? அக்கா வேற பயந்துட்டா. இன்னும் ரெண்டு வாரம் பழகினா..."

"மச்சான்" என்றார் மாஸ்டர். "வேற ஆளைப் பாருங்க."

"எதுக்கு மாமா அவசரம்? யோசிச்சு..."

"அது நாய். ஓடத் தெரியும்." அவர் குரல் பாடம் சொல்கிற குரலாகவே இருந்தது. "ரோட்டுல ஸ்கூல் பிள்ளை போகும். ஓட்டறவங்க, மாஸ்டர் சொல்றாரேன்னு விடுவாங்க. அவங்க மேல தப்பு இல்ல. வேற ஆளைப் பாருங்க."

மச்சான் அக்காவைப் பார்த்தான். அவள் தலையை மட்டும் அசைத்தாள். "சரி மாமா" என்றான் மெதுவாக.

மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கினார். வண்டியைச் சுற்றிப் போய்ப் பம்பரைப் பார்த்தார், கீறல்தான். விழுந்த டயரை உருட்டிக்கொண்டு போய் அடுக்கோடு சாய்த்து வைத்தார். பிறகு பின்கதவைத் திறந்து, "நீங்க முன்னாடி வந்து ஓட்டுங்க மச்சான்" என்றார். அந்த வண்டியின் பின் இருக்கையில் அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. முட்டி இடித்தது. இந்த வண்டியில் பின்னால் இவ்வளவு கம்மியாகவா இடம் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மச்சான் ஓட்டும் இருக்கைக்கு வந்தான். மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு, சுற்றி வந்து, மாஸ்டரின் இடத்தில் உட்கார்ந்தாள். கீழே குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கமும் கிளட்ச், பிரேக் என்று இரண்டு பெடல்கள் இருந்தன. எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் இரண்டு கால்களையும் இருக்கை ஓரத்துக்கு இழுத்து, குதிகால் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நீ பாட்டுக்கு மிதிச்சுடாத. டயர்லருந்து வண்டிய நான் முதல்ல வெளிய எடுத்துக்கறேன்" என்றான் மச்சான்.

"நான் எதையும் தொடல. நீ ஓட்டு."

வண்டி பின்னால் நகர்ந்து, திரும்பி, கிடங்கின் நிழலைத் தாண்டியது. காவலாளி கேட்டைத் திறந்தார். ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைவாகத்தான் இருந்தது. ரயில் கேட் மூடியிருந்தது, மச்சான் வண்டியை நிறுத்தினான். அவள் இன்னும் காலைத் தூக்கியபடிதான் உட்கார்ந்திருந்தாள்.

"கீழ வைங்க" என்றார் மாஸ்டர். "இப்படி ஓரமா வைங்க. ரொம்ப நேரம் தூக்கியே வெச்சிருந்தா கெண்டைக்கால் பிடிச்சுக்கும். எனக்குத் தினமும் சாயந்திரம் வலிக்கும்."

"ஒருநாளும் சொன்னதில்லையே நீங்க" என்றாள் அவள், திரும்பாமல்.

ரயில் போனது. கேட் ஏறியது. அவள் பெடல்களுக்கு ஓரமாகக் காலை வைத்துக்கொண்டாள்.